கண்ணால் படிப்பதன் ஓசை

புதுக்கவிதை கண்ணுக்கானது, காதுக்கானதல்ல என்ற பேச்சு நம்மிடையே வெகுகாலமாகப் புழங்கிவருகிறது. யாப்பை விட்டாயிற்று, மேடையை விட்டாயிற்று; அச்சடித்த பக்கமும் அதன் முன் தனியாக உட்கார்ந்திருக்கும் வாசகனும்தான் மிச்சம், ஆகவே ஓசையின் காரியம் முடிந்தது என்கிறார்கள். 1962ல் சி. சு. செல்லப்பா கொண்டுவந்த தொகுப்பின் பெயர் ‘புதுக்குரல்கள்’. இந்தக் குரல் என்ற சொல்லை உருவகமாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவதுதான் வழக்கம். அப்படிப் போய்விட முடியாது என்று சொல்ல இப்போது கொஞ்சம் ஸ்தூலமான ஆதாரம் இருக்கிறது. அது இலக்கியத்திலிருந்து வரவில்லை.

இரண்டு வருஷமாக என் வலது காது மந்தம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேள்வி நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்த்துவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி இல்லை, காது அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது சுற்றிலும் தகரத்தில் சம்மட்டி கொண்டு அடிப்பது போல ஒரே சீரான சப்தம். கொஞ்ச நேரத்தில் அது ‘போதும் போதும்’ என்று சொல்ல ஆரம்பித்தது. பிறகு ‘யாரது யாரது’. இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. சொல்லை உண்டாக்கியது நான். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எனக்கு எடுத்தது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதற்கு அதே இயந்திரத்தை வேறு மாதிரி உபயோகிக்கிறார்கள். 1990ல் ஸெய்ஜி ஒகாவா காட்டிய வழி அது. ஓரிடம் உழைத்தால் அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் அதிகம் பாய்கிறது. அந்த வித்தியாசம் காந்தப் புலத்தில் பதிவாகிறது. ஆக, படத்தில் தெரிவது சிந்தனையல்ல, கேள்வியும் அல்ல, ரத்தம். அதுவும் ஐந்தாறு விநாடி தாமதித்து வருகிற ரத்தம். தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தது. இந்த ரத்தம் வந்து சேர்வதற்குள் ஒரு குறளையே சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரு வேடிக்கை, இந்தத் தாமதமே கேள்வியை ஆராய்பவர்களுக்கு உதவிக்கு வந்தது. நூறு டெசிபலைத் தாண்டி அலறும் இயந்திரத்தைச் சில விநாடி சும்மா இருக்க வைத்து, அந்த அமைதியில் சப்தத்தைக் கேட்கச் செய்து, ரத்தம் வந்து சேரும் நேரம் பார்த்துப் படமெடுக்கிறார்கள்.

வர்ணப் படங்களைக் கண்டு மயங்குபவர்களுக்கு ஒரு மருந்தும் உண்டு. 2009ல் செத்த சால்மன் மீன் ஒன்றை உள்ளே வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையில் புள்ளிகள் ஒளிர்ந்தன. அந்த வர்ணம் புள்ளிவிவரம் பூசிய வர்ணம்.

இதையெல்லாம் கழித்த பிறகும் சில விஷயங்கள் நிற்கின்றன. 2000ல் மான்ட்ரியலிலிருந்து பாஸ்கல் பெலினும் சகாக்களும் வெளியிட்டது: நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, காதின் மேல்மட்டத்தில் ஓடும் ஒரு மடிப்பின் ஓரத்தில் சில இடங்கள், மணியோசைக்கும் இயந்திர ஓசைக்கும் மேலாக மனிதக் குரலுக்கே அதிகம் எழுந்துகொள்கின்றன. அர்த்தமுள்ள பேச்சாக இருக்க வேண்டியதில்லை. சிரிப்பு, இருமல்கூடப் போதும்.

அதே ஊரில் ராபர்ட் ஸடோரேயின் கூடத்திலிருந்து 2020ல் வந்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. பத்து வாக்கியங்களைப் பத்து மெட்டுகளில் பாட வைத்து நூறு பாட்டுத் துண்டுகள் தயாரித்தார்கள். பிறகு அவற்றைச் சிதைத்தார்கள். காலத்தின் நுணுக்கத்தை அழித்தால் மெட்டு தங்கியது, சொல் போயிற்று. சுருதியின் நுணுக்கத்தை அழித்தால் சொல் தங்கியது, மெட்டு போயிற்று. சொல்லை இடப்பக்கமும் மெட்டை வலப்பக்கமும் பிரித்துக்கொண்டன. பல், பால் இரண்டுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் கால அளவுதான். மாத்திரை என்று நாம் இலக்கணத்தில் மனப்பாடம் செய்தது அந்த இடப்பக்கத்து வேலையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சாகித்யமா ஸ்வரமா என்று சபாக்களில் சண்டை போடுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கத்தை வைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

ஆனால் கண்ணால் படிப்பவன் விஷயம்? 2012ல் பிரான்ஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்தது. படமல்ல, அதைவிட நேரடி. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்த நான்கே பேர். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வாய் திறக்காமல் படித்தார்கள். காதில் எதுவும் விழவில்லை. குரலுக்கென்று உள்ள இடம் எழுந்துகொண்டது. ஒதுக்கிவிடச் சொன்ன சொற்களுக்கு அல்ல, கவனித்துப் படிக்கச் சொன்ன சொற்களுக்கே அதிகமாக. எனக்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். கவனம் கூடக் கூடக் குரல் கூடுகிறது. அப்படியானால் கண்ணுக்கென்று எழுதப்பட்டதாகச் சொல்லும் கவிதை, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்கச் சொல்கிற கவிதை, செய்தித்தாளைவிட உரக்கக் கேட்கிறது என்றாகிறது. ஓசை கவிதையை விட்டுப் போகவில்லை. உள்ளே குடிபோயிருக்கிறது.

குரல் என்றால் யாருடைய குரல் என்பதை மின்முனை கேட்பதில்லை. நான் கேட்கிறேன். நம் வட்டத்தில் சிலருக்கு மட்டும் தெரிந்த நண்பர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனார். அச்சில் வந்தவை இருபதுக்குள்தான். எழுதியதை யாராவது வீட்டு மொட்டை மாடியில் வாசித்துக் காட்டுவார். வரி உடைகிற இடத்தில் நிறுத்தமாட்டார், அடுத்த வரியின் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அச்சில் அது கிடையாது. இப்போது அந்தப் பக்கங்களை நான் படித்தாலும் அங்கேதான் நிற்கிறது. நடுவே அவருடைய இருமலும் உண்டு. வலது காது, இடது காது என்ற வித்தியாசம் அங்கே இல்லை. அவரைத் தெரியாதவர் அதே பக்கத்தைப் படித்தால் நிறுத்தம் வரிக்கடைசியில் விழும். அதுவும் ஒரு வாசிப்புதான், தப்பில்லை. ஆனால் வேறு கவிதை.

போன மாதம் அவர் மனைவி போன் செய்தார். அவர் வாசித்ததை யாராவது டேப்பிலோ போனிலோ பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, இல்லை என்று சொன்னேன்.