ஜுரம் விட்ட பிறகு

குழந்தைக்கு ஜுரம் என்றால் நம் வீடுகளில் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "பல் முளைக்கிற ஜுரம், பயப்படாதே" என்பது ஒரு கட்சி. "ஐயோ, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறதே!" என்று ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவது மற்றொரு கட்சி. முதல் கட்சிக்குத் தலைமை அநேகமாகப் பாட்டிமார்கள். எத்தனையோ ஜுரங்களை மிளகுரசம் கொடுத்து வழியனுப்பி வைத்தவர்கள் அவர்கள். இரண்டாவது கட்சிக்குத் தலைமை தாய். அவள் மடியில் இருப்பதோ ஒரே குழந்தை. எனக்கு இரண்டு கட்சிகளிடமும் மரியாதை உண்டு. ஆனால் ஜுரத்தோடு வலிப்பும் வந்துவிட்டால் இரண்டு கட்சிகளும் அந்த க்ஷணமே கலைந்துவிடும்.

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில், மாயவரத்தில் என் அக்காவின் பேத்திக்கு அப்படி வந்தது. பதினான்கு மாதக் குழந்தை. நாற்பத்தேழு வயதிலேயே என்னைத் தாத்தாவாக்கிவிட்ட புண்ணியவதி அவள். அன்று நானும் அங்கே இருந்தேன். மத்தியானம் லேசாகச் சுட்ட உடம்பு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கையை வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. திடீரென்று கண்கள் மேலே செருகின. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து பீரோச் சாவிக்கொத்தைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வேறொருவர் பல்லுக்கிடையில் ஸ்பூனைக் கொடுக்கப் பார்த்தார். அக்காவின் பெண், குழந்தையின் தாய், அவள் ஒருத்திதான் நிதானமாக இருந்தாள். "வாயிலே ஒண்ணும் வைக்காதீங்க" என்று அதட்டிவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம். அப்புறம் குழந்தை துவண்டு தூங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையை நன்றாகச் சோதித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பேசினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஜுர வலிப்பு வருவது உண்டாம். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு தடவையும் வரலாம். ஆனாலும் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து, படித்து, பெற்றோரை எதிர்த்துப் பேசுவார்கள். ஐந்து நிமிஷத்துக்குமேல் நீடித்தால் மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், மாப்பிள்ளையின் பாட்டி கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் சொன்னாள்: "இதை வெளியிலே யார்கிட்டேயும் மூச்சு விடாதீங்க. பொம்பளைப் புள்ளை."

பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அதற்குள் கல்யாணக் கவலை! ஆனால் அந்தப் பாட்டியைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவள் சொன்னது பாசத்தினால்.

அன்றிரவு அக்காவின் பெண் என்னிடம் வந்தாள். "மாமா, ஜுரம் விட்டுப் போயிடுச்சு. மூளையிலே ஏதாவது விட்டுட்டுப் போயிருக்குமா?" என்று கேட்டாள்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவகாசம் கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். கிடைத்ததையெல்லாம் படித்து, புரியாத இடங்களை ஒரு டாக்டர் சிநேகிதரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் தண்டோரா போடுவதற்கென்று சில ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. 'டி.என்.எஃப். ஆல்ஃபா' என்பது அவற்றில் ஒன்று. தண்டோராவைக் கேட்டு உடம்பின் காவல் படை திரண்டு எழுகிறதே, அந்த அமளிக்குத்தான் அழற்சி என்று பெயர். ஜுரம் அதன் வெளி அடையாளங்களில் ஒன்று. மூளைக்குள்ளேயும் காவல்காரர்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஒர்தேகா 1919-ல் அவற்றைத் தனி வகை அணுக்கள் என்று பிரித்துக் காட்டி, மைக்ரோக்ளியா என்று பெயரிட்டார். இந்தக் காவல்காரர்களுக்குத் தோட்ட வேலையும் உண்டு என்பது பிற்காலத்தில் தெரிந்தது. வளரும் மூளையில் நரம்புக்கு நரம்பு ஏராளமான இணைப்புகள் முளைக்கின்றன. வேண்டாதவற்றை நறுக்கி ஒழுங்கு செய்வதில் மைக்ரோக்ளியாவுக்குப் பங்கு இருக்கிறது. தோட்டக்காரன் கத்தரியும் கையுமாக இருக்கும்போது ஊரில் தண்டோரா கேட்டால் என்ன ஆகும்?

கானடா தேசத்தில் கால்கரி சர்வகலாசாலையில் குவென்டின் பிட்மனும் அவருடைய சகாக்களும் எலிக்குஞ்சுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சுகளுக்கு அவர்கள் உயிருள்ள கிருமியைக் கொடுக்கவில்லை. கிருமியின் மேலோட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொடுத்தார்கள். அதாவது, திருடன் வராமலே தண்டோரா மட்டும் போட்டார்கள். குஞ்சுகளுக்கு லேசாக அழற்சி கண்டு அடங்கிற்று. அவை வளர்ந்து பெரிதான பிறகு, வலிப்பை உண்டாக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, மற்ற எலிகளைவிட இவை சுலபமாக வலிப்பில் விழுந்தன. மூளைக்குள் டி.என்.எஃப். ஆல்ஃபாவின் வாயைக் கட்டும் மருந்தை முன்கூட்டியே செலுத்தியிருந்தால் இந்தக் கெடுதி ஏற்படவில்லை. டி.என்.எஃப். ஆல்ஃபாவை மட்டும் தனியே செலுத்தினாலோ, அதே கெடுதி ஏற்பட்டது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. பிறந்த இரண்டாவது வாரத்தில் அழற்சி கண்ட குஞ்சுகளிடம்தான் இந்த மாறுதல் காணப்பட்டது. பிறந்த உடனேயோ, மூன்று வாரம் ஆகிறபோதோ கொடுத்தால் ஒன்றும் இல்லை.

எங்கள் பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு பூனையின் காலடிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அந்தப் பூனை முதல் நாளும் அந்த வழியே போயிருக்கும். அப்போது அது வெறும் மணல். மறுநாளும் போயிருக்கும், அப்போது அது கல். சிமெண்டு பூசி ஈரம் காயாத அந்த ஒரு சாயங்காலம் நடந்ததுதான் நின்றுவிட்டது. மூளைக்கும் அப்படி ஒரு சாயங்காலம் உண்டு என்று எலிகள் சொல்கின்றன.

இதைப் படித்ததும் என் மனம் கொஞ்சம் கனத்தது வாஸ்தவம். ஆனால் யோசித்துப் பார்க்கையில் சில விஷயங்கள் தெளிவாயின. அந்தப் பெரிய எலிகள் தள்ளிவிட்டால் சீக்கிரம் விழுந்தன. சோதனை சொல்வது அவ்வளவுதான். எலியின் இரண்டாவது வாரம் மனிதக் குழந்தையின் எந்த மாதம் என்று பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவிடவும் முடியாது. மனிதர்களின் கணக்கோ ஆறுதலாகவே இருக்கிறது. சாதாரண ஜுர வலிப்பு வந்த குழந்தைகளில் பிற்காலத்தில் வலிப்பு நோய் காண்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவர். பொதுவாக உள்ள கணக்கைவிடச் சற்றுத்தான் அதிகம். நெடுநேரம் நீடித்த வலிப்பு, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்த வலிப்பு, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்த வலிப்பு, இவற்றுக்குத்தான் அபாயம் கூடுதல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எலிக்குஞ்சுகளுக்கு அழற்சியின்போது வலிப்பை உண்டாக்கவே இல்லை. அழற்சி மட்டும்தான். ஆகவே எலியைச் சாட்சிக்கு அழைத்தால், அது என் அக்காவின் பேத்தியை மட்டும் சுட்டிக் காட்டாது. அந்த ஐப்பசி மழையில் ஜுரம் கண்ட தெருக் குழந்தைகள் அத்தனை பேரையும் காட்டும். வலிப்பு வந்த குழந்தையை மட்டும் தனியே பிரித்து முத்திரை குத்துவதற்கு அந்தச் சோதனையில் லவலேசமும் ஆதாரம் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய அழற்சி வேறு. கிருமி மூளையையோ அதன் உறையையோ நேராகத் தாக்கும் மூளைக்காய்ச்சல்தான் பிற்காலத்தில் வலிப்பு நோயை விட்டுச் செல்வதில் பேர்போனது. அதில் ஒரு வகையைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்த ஐந்து மருந்து ஊசி, இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் அரசாங்கத் திட்டத்தில் வந்தது. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடுகிறார்கள். ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்கு ஜுரம் அடிக்கிறது என்று அடுத்த ஊசிக்குப் போகாமல் இருந்துவிடுகிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி ஜுரத்துக்குப் பயந்து மூளைக்காய்ச்சலுக்கு வாசற்கதவைத் திறந்து வைக்கலாமா?

இதையெல்லாம் அக்காவின் பெண்ணுக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். எழுதும்போது பாட்டியின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பயம் ஆதாரமில்லாத பயம் என்று எப்படிச் சொல்வேன்? நான் வாலிபனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. மாத்திரையில் நன்றாகவே கட்டுப்பட்டிருந்தது. வெளியே தெரியாமல் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை விழுங்கினால் கேள்வி வரும் அல்லவா? நிறுத்திவிட்டாள். மூன்றாவது மாதம் அடுப்பங்கரையில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டாள். நான்காவது மாதம் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். சட்டமும் அப்போது அவள் பக்கம் இல்லை. 1955-ல் வந்த ஹிந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. 1976-ல் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருவதையும் விவாகத்துக்குத் தடையாகச் சேர்த்தார்கள். 1999-ல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். அதற்குள் அந்தப் பெண்ணின் வாழ்வில் பாதி முடிந்துவிட்டது. அவளை விழவைத்தது வியாதி அல்ல, வியாதியை மறைத்ததுதான்.

மறைப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இருபது வயதில் ஒருவருக்கு வலிப்பு வந்து டாக்டரிடம் போனால், "சின்ன வயசிலே ஜுரத்தோட வலிப்பு வந்ததா? எத்தனை நேரம்?" என்று கேட்பார். வீட்டில் ஒருவரும் வாய் திறக்காமலே இருந்து, விவரம் தெரிந்த பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

ஆகையால் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது சொற்பந்தான். குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இழுப்பு நின்றதும், முதல் தடவையானால் கட்டாயமாக, டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து, தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் தேதி, மணி, எத்தனை நிமிஷம், எந்தக் கை இழுத்தது என்று மையினால் எழுதுங்கள். அந்த அட்டையைப் பெட்டியின் அடியில் ஒளிக்க வேண்டாம். குழந்தை பெரியவளானதும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.