லேக் கார்டன்ஸில் கடலைத் தேடி

தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கிச் சற்று நடந்தால் ரவீந்திர சரோவர். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி. விடிந்ததும் துடுப்புப் படகுகள், குரங்குக் குல்லா அணிந்த வங்காளத் தாத்தாக்கள், லேக் மார்க்கெட் பக்கமிருந்து நடக்க வரும் நம்மூர்க்காரர்கள் என்று எல்லாம் உண்டு. நான் நினைத்துக்கொண்டு வந்த பிராணி மட்டும் இங்கே இருக்க வழியே இல்லை.

அது அசிடியன். தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும். முழுக்க முழுக்கக் கடல்வாசி. நன்னீர் ஆகாது. ஆனால் இரண்டு ஸ்டேஷன் தள்ளி நியூ அலிப்பூரில்தான் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைமையகம். 1916இல் அதன் முதல் இயக்குநரான நெல்சன் அனண்டேல், இந்த ஊர்க் குளங்களில்கூடக் கூட்டமாக ஒட்டி வாழும் சிற்றுயிர்களைத் தேடியவர். 1911இல் அவற்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

கடலில் அந்த வாழ்க்கையின் உச்சம் பொட்ரில்லஸ் என்ற அசிடியன். லேக் கார்டன்ஸில் பழைய வீடுகளை இடித்து எழும்பும் ஃபிளாட்டுகளைப் பார்த்தால் அது விளங்கிவிடும். சில மில்லிமீட்டரே உள்ள உயிர்கள் பூவிதழ்போல வட்டமாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வாய். வெளியேறும் நீருக்கு நடுவில் ஒரே பொது வாசல். ரத்தக் குழாய்களும் பொது. மேலுறையில் செல்லுலோஸ்! தாவரங்களின் சொத்து என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். இதயமோ சற்று நேரம் ஒரு திசையில் ரத்தத்தைத் தள்ளிவிட்டு, பிறகு எதிர்த்திசையில் தள்ளும்.

குஞ்சுப் பருவத்தில் இது தலைப்பிரட்டை மாதிரி நீந்தும். அப்போது வாலில் முதுகுநாண் இருக்கும். பாறையிலோ படகின் அடியிலோ ஒட்டியதும் வாலும் நாணும் போய்விடும். 1866இல் ரஷ்யரான கொவலெவ்ஸ்கி இதைக் காட்டிய பிறகுதான், சிப்பியின் சொந்தம் என்று நினைத்திருந்த பிராணி நமக்குச் சொந்தமானது.

தமிழர்களுக்கு இன்னும் நெருங்கிய உறவு. மன்னார் வளைகுடாவில் வாழும் எக்டினாசிடியா தர்ஸ்டோனி, சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பெயரைத் தாங்கியது. சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதிய அதே தர்ஸ்டன். இதன் கரீபியன் பங்காளியிடம் கிடைத்ததுதான் டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து. ஐரோப்பா 2007இலும் அமெரிக்கா 2015இலும் அதை அனுமதித்தன. ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ ஒரு டன் பிராணி வேண்டியிருந்தது. நல்லவேளை, பாக்டீரியா தரும் மூலப்பொருளிலிருந்து தயாரிக்கும் வழி கிடைத்தது. தூத்துக்குடியில் படகைக் கரையேற்றும்போது, அடியில் ஒட்டிய வழவழப்பில் அசிடியன்களும் சேர்ந்தே சுரண்டப்படுகின்றன.