ஆமை புகுந்த வீடு, வீடு புகுந்த ஏரி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெங்களூர் தொம்மலூரில் அந்தப் பழமொழி தலைகீழாகிவிட்டது. வாஸ்துவுக்கு நல்லது என்று ஆமையைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வைக்கிறார்கள். ஆனால் தொம்மலூரில் உண்மையில் நடந்தது வேறு. ஆமை வீட்டுக்குள் புகவில்லை. வீடுதான் ஆமையின் இடத்துக்குள் புகுந்தது.

மேம்பாலத்தின் இரைச்சலிலிருந்து விலகிச் சந்துக்குள் நடந்தால் சொக்கநாதர் கோயில். மதுரை நினைவோடு உள்ளே போகிறவர்கள் சற்றுத் திகைப்பார்கள். கருவறையில் இருப்பவர் பெருமாள். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே உண்டு. தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்பவை ஊரின் பழைய பெயர்கள். ஒரு தம்பதி இறைவனுக்குக் கொடுத்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று விண்ணமங்கலம் ஏரியைக் குறிப்பிடுகிறது. ஏரி என்பது தெய்வத்துக்குக் கொடுக்கத் தகுந்த செல்வமாக இருந்த காலம் அது.

கல் இடுக்கிலிருந்து செப்பு நிறத்தில் ஒன்று பளபளவென்று ஓடியது. அரணை. "கிட்டப் போகாதீங்க சார், கடிச்சா மரணம்" என்றார் பூக்கட்டும் அம்மா. எதுகைக்காகச் செய்த பழி இது. அரணைக்கு விஷமே கிடையாது. கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி என்று பூச்சிகளைத் தின்று தோட்டத்தைக் காப்பது அதன் வேலை. பாம்புக்கும் செம்போத்துக்கும் வல்லூறுக்கும் இரையாவது அதன் விதி. முட்டையிட அதற்குத் தேவை இளகிய மண்ணும் கொஞ்சம் சருகும். கோயிலைச் சுற்றி சிமெண்ட் பூசாத இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அவ்வளவுதான் அரணைக்கும் மிச்சம்.

ஆமைக்கு அதுவும் இல்லை. தொம்மலூர் ஏரி, பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் வீட்டுமனைகளாக மாறிவிட்டது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. நகருக்குள் தர்மாம்புதி ஏரி பஸ் நிலையமாகவும், சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாகவும் மாறிப் பல காலமாகிவிட்டது.

தென்னிந்திய ஏரிகளின் பழைய குடிமகன் பாலாமை. பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் மூடிக்கொள்ள அதன் அடிவயிற்றில் இரண்டு தோல் மடல்கள் உண்டு. நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி எதையும் தின்னும். செத்து மிதப்பதையும் விடாது. ஏரியின் துப்புரவுப் பணியாளர் என்றே சொல்லலாம். கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்க நம் ஊர்களில் ஆமையைப் பிடித்து விட்டது இந்த அறிவினால்தான். கோடையில் ஏரி வற்றினாலும் பாலாமை கலங்காது. சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்துக் கிடக்கும்.

வறட்சியைத் தாங்கத் தெரிந்த பிராணிக்குக் கான்கிரீட்டைத் தாங்கத் தெரியவில்லை. முட்டையிட அது கரையேறி மண்ணைத் தோண்ட வேண்டும். முட்டை பொரிய எட்டொன்பது மாதங்கள்கூட ஆகலாம். நாமோ ஏரியை 'அழகுபடுத்த' கரை முழுதும் கல் பதித்து, நடைபாதை போட்டு, வேலி கட்டுகிறோம். தண்ணீர் இருக்கும், கரை இருக்காது.

தொம்மலூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. நான்கைந்து வருடங்களுக்கு முன் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வாங்கிய ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. "அல்சூர் ஏரியில விட்டுடலாமா சார்? புண்ணியமாப் போகும்" என்று கேட்டார் வீட்டுக்காரர். பார்த்தேன். காதருகே சிவப்புக் கோடு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இனம்.

புண்ணியம் அல்ல, பாவம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் உள்ளூர் ஆமைகளோடு போட்டியிடும், நோயையும் பரப்பும். ஐரோப்பிய நாடுகள் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டன. பெங்களூர் ஏரிகளில் ஏற்கனவே இவை வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. சரி, நம் ஊர் ஆமையையே வளர்க்கலாம் என்றால் சட்டம் தடுக்கிறது. பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருந்தாலே சிறை.

இது பெங்களூரோடு முடியும் விஷயமும் அல்ல. தொம்மலூர்ப் பக்கத்துக் கழிவுநீர் சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாக, 2015-லும் 2017-லும் தீப்பிடித்த அதே பெல்லந்தூர் ஏரியில் சேர்கிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி, பிறகு தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவது இங்கே நாம் இழந்த ஏரிகளின் கணக்குதான். வழியில் சுத்தம் செய்ய ஏரிகளும் இல்லை, ஏரிக்குள் ஆமைகளும் இல்லை.

"அப்ப இதை என்னதான் செய்யறது?" என்றார் வீட்டுக்காரர். பெரிய தொட்டி வாங்குங்கள், கடைசி வரை வைத்துக் காப்பாற்றுங்கள் என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டார். முப்பது வருடம்கூட ஆகலாம் என்றதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா எதுவும் சொல்லாமல் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.