இரண்டு பதிவேடுகள்

பங்குப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதி வந்திருப்பவர்கள் பெரும்பாலும் விழா மலர்க்காரர்களே. எந்தச் சாமியார் காலத்தில் எந்தக் கட்டடம் எழும்பியது, எந்த ஆண்டு நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது, தலைமையாசிரியர்கள் யார் யார் என்றொரு வரிசை. முகப்பில் ஆயரின் ஆசியுரை. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் நாங்கள் படித்த ஆர்.சி. பள்ளிக்கு 2025இல் மலர் தயாரிக்க அமர்ந்தபோது எங்கள் கைக்கு வந்ததும் அதே சட்டகம்தான். பழைய மாணவர் பட்டியலைத் தொடும் வரை அது போதுமானதாகவே இருந்தது.

இவ்வகைப் பள்ளிகளின் முதல் ஆசிரியர் உபதேசியார். கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார்த்தி மந்திரங்களை மனப்பாடம் செய்விப்பதே பாடம். 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை மீண்டெழுந்து, 1838இல் புதிய மதுரை மிஷனைத் தொடங்கியது. 1854இன் வுட் அறிக்கையும் அதையொட்டிச் சென்னை மாகாணத்தில் வந்த மானிய விதிகளும் சேர்ந்துதான் திண்ணைகளைப் பள்ளிக்கூடங்களாக்கின. மானியம் வேண்டுமானால் கணக்கு வேண்டும், பதிவேடு வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அன்று விழுந்த முடிச்சு இன்றும் அவிழவில்லை. தாளாளர் பங்குச் சாமியார், ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம். ஒரே வளாகத்தில் கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில பிள்ளைகள் இரண்டு பிள்ளைகளாகி விடுகிறார்கள். கோயிலில் அந்தோணி, பள்ளியில் முருகன். கோயிலில் மரியாள், பள்ளியில் மாரியம்மாள். பிறந்த தேதி ஒன்று, தகப்பனின் தொழில் ஒன்று, தெரு ஒன்று. அந்தத் தெரு எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து சமயத்தினர் அல்லாதோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார்கள் என்றது அது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது, கிறித்தவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது என்று சட்டம் நம்பியது போலும். கழுவியதா என்று திருச்சபையின் வரலாற்றையே கேட்கலாம். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு, பீடத்தில் வந்து சேரும் இரண்டு கால்களைப் போல, சாதிக்கொரு பகுதி இருந்தது. நடுவிலிருந்த தடுப்பை 1910களில் பாதிரியார்கள் அகற்றியபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்கு அந்தத் தேங்காய்ச் சம்பவம் நினைவிருக்கும். தேங்காய் திருடியதாகத் தலைமையாசிரியர் சிறுமியின் மேல் பழி போட, நியாயம் கேட்டுப் போனால், சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிறார் சாமியார்.

எங்கள் பள்ளியில் வாரத்தில் சில நாள் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அடுத்த அறையில் நன்னெறி வகுப்பு. பதிவேட்டு முருகன்கள் மறைக்கல்வி அறையில்தான் இருப்பார்கள். செபங்களை எங்களைவிடப் பிழையில்லாமல் சொல்வார்கள். கல்வி அதிகாரி வரும் நாளில் மட்டும் ஒருவர் கண் காட்டுவார், அவர்கள் எழுந்து நன்னெறி அறைக்குப் போய்விடுவார்கள். ஒருவரும் எதுவும் பேசியதில்லை. பதிவேட்டில் அப்படி எழுதிய தலைமையாசிரியர்களைப் பொய்யர்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கல்வி உதவித்தொகையும் பின்னால் ஒரு வேலையும் அந்த ஒரு வரியில் தொங்கிக் கொண்டிருந்ததை அவர்கள் அறிந்திருந்தார்கள். பதிவேட்டில் கருணை காட்டிய அதே பள்ளி, பெஞ்சு வரிசையில் அந்தத் தெருப் பிள்ளைகளைக் கடைசியில் உட்கார்த்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயரின் கனத்தைத் திருச்சபையும் அறியாததல்ல. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் நீக்கப்பட்டிருந்தது. மேலிருந்த பெயரைக் கழற்ற ரோமாபுரியால் முடிந்தது. கீழிருப்பவரின் பெயர் மாநில எல்லைக்குள்ளேயே சிக்கிக் கொள்கிறது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று கோருவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவருடைய ஞானஸ்நானமும் அங்கே சான்றாக நின்றது.

ஆக, பட்டியலில் எந்தப் பெயரை அச்சிடுவது? கோயில் மலரில் கோயில் பெயர்தான் வரவேண்டும் என்றார்கள் சிலர். பள்ளி மலரில் பள்ளிப் பெயர் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கடைசி பெஞ்சுக்காரர்களில் ஒருவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ரெண்டும் எம் பேருதான். ரெண்டையும் போடுங்கப்பா."

அவர் துணிந்துவிட்டார். ஆனால் அவருடைய தம்பி மகள் அப்போதுதான் தேர்வாணையத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தாள். தம்பி மறுநாள் காலையிலேயே எங்களைத் தேடி வந்துவிட்டார்.

பட்டியல் அச்சேறவில்லை. ஒதுக்கியிருந்த நான்கு பக்கங்களில் பழைய வகுப்புப் படங்களைப் போட்டோம். படத்துக்குக் கீழே ஆண்டு மட்டும் இருக்கிறது.