ஆயருக்குக் கட்சி உண்டோ?

திருச்சபைச் செய்தி எதனை எடுத்து வாசித்தாலும், இக்காலத்தில் ஆயர் ஒருவரின் பெயருக்கு முன்னே ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘முற்போக்கு ஆயர்’ என்பர். ‘பழமைவாத ஆயர்’ என்பர். சிறப்பாக, அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆயர்களைப் பற்றிய செய்திகளில் இது மிகுதி. நம் இல்லங்களிலும், இரவுச் செபமாலை முடிந்து இச்செய்திகளைப் பேச அமர்கையில், மூத்தோர் ஒரு பக்கமும் இளையோர் மறுபக்கமும் சாய்வதை நாம் காண்கிறோம். ஆயர் என்ன போதித்தார் என்று கேட்குமுன், அவர் எந்தப் பக்கத்தவர் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையேயும் புகுந்துவிட்டது. இவ்வடைமொழிகள் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதை அந்நாட்டுத் திருச்சபையின் அண்மைக் கால வரலாற்றிலிருந்தே ஆய்ந்து பார்ப்போம்.

1981-ஆம் ஆண்டு, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்டியிட்டு அணு ஆயுதங்களைக் குவித்து வந்த காலம். போரையும் சமாதானத்தையும் பற்றிச் சுற்றுமடல் ஒன்று வரைவதற்கு அந்நாட்டு ஆயர் பேரவை ஐந்து ஆயர்கள் கொண்ட குழுவை அமைத்தது. அதன் தலைவர், அப்போது சின்சினாட்டிப் பேராயராய் இருந்த ஜோசப் பெர்னார்டின். உறுப்பினருள் ஒருவர் டெட்ராய்ட் துணை ஆயர் தாமஸ் கம்பிள்டன். ‘பாக்ஸ் கிறிஸ்தி’ என்னும் கத்தோலிக்க சமாதான இயக்கத்தின் அமெரிக்கத் தலைவர். மற்றொருவர் ஜான் ஓகானர். கடற்படையில் பல்லாண்டுகள் ஆன்ம குருவாய் உழைத்து, படைவீரரின் ஆன்மநலப் பணிக்குத் துணை ஆயரானவர். போரை வெறுத்து இயக்கம் நடத்தியவரும், போர்வீரரோடு கப்பலில் வாழ்ந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தப்பட்டனர்.

ஏறத்தாழ இரண்டாண்டுகள் விவாதம் நடந்தது. வரைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடப்பட்டு, பலருடைய கண்டனமும் கருத்தும் கேட்கப்பட்டன. ஒரே சொல்லுக்காகவும் வாதம் எழுந்தது. அணு ஆயுதப் பெருக்கத்தை ‘நிறுத்த வேண்டும்’ என்பதா, ‘கட்டுப்படுத்த வேண்டும்’ என்பதா? மூன்றாம் வரைவில் மென்மையான சொல்லே இருந்தது. சிக்காகோ நகரில் கூடிய ஆயர்கள் ‘நிறுத்த வேண்டும்’ என்பதையே மீண்டும் சேர்த்தனர். 1983-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், 238 வாக்குகள் ஆதரவாகவும் 9 வாக்குகள் எதிராகவும் விழ, மடல் நிறைவேறியது. நகர மக்களைக் குறிவைத்துத் தாக்குவதை அது முற்றிலும் கண்டித்தது. அணு ஆயுதத்தைக் காட்டிப் பகைவரைத் தடுக்கும் கொள்கையைக் கடும் நிபந்தனைகளோடு மட்டுமே பொறுத்துக்கொண்டது.

இம்மேய்ப்பர்களின் பிற்கால வாழ்வும் அடைமொழிகளுக்குள் அடங்கவில்லை. ஓகானர் 1984-இல் நியூயார்க் பேராயரானார். கருக்கலைப்பை எதிர்ப்பதில் வைரம்போல் உறுதியாய் நின்றதால் அவரைப் பழமைவாதி என்றனர். அவரோ தொழிற்சங்கங்களின் உற்ற நண்பர். உலகம் அஞ்சி ஒதுக்கிய எய்ட்ஸ் நோயாளிகளின் படுக்கையருகே சென்று தம் கைகளாலேயே பணிவிடை செய்தவர். பெர்னார்டினை முற்போக்காளர் என்றனர். அவரோ 1983 டிசம்பரில் நியூயார்க்கின் ஃபோர்தம் பல்கலைக்கழகத்தில் உரையாற்றி, கருவிலுள்ள சிசு, மரண தண்டனைக் கைதி, போரில் மடியும் மக்கள், பசித்திருக்கும் ஏழை ஆகிய அனைவருடைய உயிரையும் ஒரே நெறியால் காக்க வேண்டும் என்றார். தையலற்ற அங்கிக்கு அக்கொள்கை ஒப்பிடப்பட்டது. அங்கியில் ஆளுக்கொரு துண்டை மட்டுமே விரும்பிய இரு சாராரும் அவரைக் குறைகூறினர்.

1996 ஆகஸ்ட் 12-ஆம் நாள், சிக்காகோ கர்தினாலாய் இருந்த பெர்னார்டின், பிளவுபட்டு நின்ற கத்தோலிக்கர் ஒன்றாய் அமர்ந்து பேச ‘பொதுத்தளம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். பாஸ்டன், வாஷிங்டன், பிலடெல்பியா, டெட்ராய்ட் நகர்களின் கர்தினால்கள் நால்வர் அதை வெளிப்படையாகவே மறுத்தனர். திருச்சபைக்கு வேதாகமமும் பாரம்பரியமும் பொதுத்தளமாய் ஏற்கெனவே இருக்க, வேறொன்று எதற்கு? போதனையையும் அதற்கு மாறான கருத்தையும் ஒரே தராசில் வைக்கலாமோ? இவ்வாறு அவர்கள் வினவினர். இதனைப் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. விசுவாசம் பெரும்பான்மை வாக்கால் உண்டாவதன்று என்னும் கவலை நியாயமானதே. பெர்னார்டினும் அதனை மறுக்கவில்லை. போதனையை விட்டுக்கொடுப்பதன்று, ஒருவர் சொல்வதை மற்றவர் நேர்மையோடு கேட்பதே தம் நோக்கம் என்று விளக்கினார். அதற்குள் புற்றுநோய் அவருடைய ஈரலைப் பற்றியிருந்தது. அக்டோபர் 24-இல் அம்முயற்சியைப் பற்றிப் பேசுகையில், இறைவன் தந்த அரிய காலத்தைக் கசப்பிலும் பிரிவினையிலும் வீணாக்குவது தகாது என்று, சாவை எதிர்நோக்கியவராய் அறிவுறுத்தினார். மூன்று வாரங்களில், நவம்பர் 14-ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார்.

வழக்கு அத்தோடு தீரவில்லை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிகளுக்கு நற்கருணை அளிக்கலாமா என்னும் வினாவால் அந்நாட்டு ஆயர்கள் 2021 ஜூனில் கடுமையாகப் பிரிந்தனர். நற்கருணை பற்றி ஏடு ஒன்று வரைய 168 பேர் இசைந்தனர். 55 பேர் மறுத்தனர். நவம்பரில் எந்த அரசியல்வாதியையும் பெயர் சுட்டாமல் எழுதிய ஏட்டுக்கு 222 பேர் இசைந்தனர். 8 பேரே மறுத்தனர். அதே பேரவை 2025 நவம்பரில், குடியேறியோரைக் கூட்டங்கூட்டமாய் நாடுகடத்துவதை எதிர்த்து, 216 வாக்குகளோடு செய்தி விடுத்தது, எதிர்த்தோர் ஐவர். நாளிதழ்கள் இவர்களுள் யாரை எக்கட்சியில் சேர்க்கும்?

அந்தியோக்கியாவில் சின்னப்பர் இராயப்பரை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். இருவரையும் புனிதர்களென ஜூன் 29-ஆம் நாள் ஒன்றாகவே திருச்சபை கொண்டாடுகிறது. மேய்ப்பரிடையே கருத்து வேற்றுமை எழுவது புதிதன்று. அதைக் கண்டு நாம் இடறி, நம் பக்கத்தவர் சொல்வதை மட்டும் கேட்போமாயின், போதனையில் பாதியை இழந்து நிற்போம். கருவிலுள்ள சிசுவுக்காகப் பேசும் ஆயருக்குச் செவிமடுப்பவர், அகதிக்காகப் பேசும் ஆயரிடம் செவியை மூடிக்கொள்வார். மற்றவரோ இதையே மாற்றிச் செய்வார். இழப்பு சிசுவுக்கும் அகதிக்குமே.

ஆதலின், அன்பார்ந்த வாசகர்களே, ஆயர்களின் சுற்றுமடல் வரும்போது, எழுதியவர் எக்கட்சி என்று உசாவுமுன், அதனை முழுதும் வாசிப்போம். நமக்கு உவப்பில்லாத பகுதியை இருமுறை வாசிப்போம். திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் குருவானவர் நம் ஆயரின் பெயரைச் சொல்லி வேண்டுகிறார்; அங்கே அடைமொழி ஏதும் சேர்ப்பதில்லை. நாமும் அவ்வாறே அவருக்காக வேண்டுவோம்.