பெருங்காயத்தின் பூர்வீகம்

அன்புள்ள ராஜிக்கு,

 சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், நேரே வம்புக்கு வருகிறேன்.

நம் அடுக்களையில் வீட்டு மனுஷர் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே பெருங்காயம், அதன் பூர்வீகத்தைக் கிளறிப் பார்த்தேன். சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமாம்! குளிரும் வறட்சியுமான மலைச்சரிவில் வளரும் செடி. கேரட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. சில வருஷம் வளரவிட்டு, தடித்த வேரைக் கீறினால் பால் கசியும். அது காய்ந்து இறுகினால் பெருங்காயம். இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இதைப் பயிரிட நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான். அப்போது வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் இறக்குமதி. செலவு ஏறக்குறைய 600 கோடி ரூபாய். சாம்பார் மணக்க இவ்வளவு அந்நியச் செலாவணி!

வெள்ளைக்காரர்கள் இதைப் 'பிசாசின் சாணம்' என்று திட்டியிருக்கிறார்கள். பழைய ரோமாபுரிக்காரர்களோ இந்த வாசனைக்கு உயிரையே விட்டார்கள். முதலில் அவர்கள் மயங்கிக் கிடந்தது வட ஆப்பிரிக்காவில் விளைந்த சில்பியம் என்ற செடியின் பிசினில். அது அருகிப்போய், கிடைத்த ஒற்றைத் தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று அந்தக் கால ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் நம் ஆள். அபிசியஸ் பெயரில் உள்ள பழைய ரோமாபுரிச் சமையல் நூலில் ஒரு சிக்கன யோசனை: பிசினைப் பைன் கொட்டைகளோடு ஜாடியில் போட்டு மூடிவிடு, வாசனை ஏறிய கொட்டையை மட்டும் நசுக்கிச் சமையலில் சேர், எடுத்த அளவுக்குப் புதுக் கொட்டை போட்டு நிரப்பு. நம் பாட்டிமார்கூட இத்தனை கெட்டி இல்லையடி!

1918 விஷக்காய்ச்சலின்போது அமெரிக்காவில் பெருங்காயத்தைச் சின்னப் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நோய் அண்டியதோ இல்லையோ, மனுஷர் அண்டியிருக்க மாட்டார்கள்.

அசல் வம்பே இனிமேல்தான். சுத்தப் பிசின் மூக்கைப் பிளக்கும், கொஞ்சம் கூடினாலும் குழம்பைக் கெடுத்துவிடும். ஆகவே கடைத் தூளிலும் கட்டியிலும் மைதாவோ அரிசி மாவோ வேல மரத்துப் பிசினோ கலந்துதான் விற்கிறார்கள். கலப்படம் இல்லை, டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை.

உன் மாமியார் ஏகாதசியன்று தானியம் தொடாமல், பெருங்காயம் போட்ட மோரிலேயே பொழுதை ஓட்டுகிறவர் ஆயிற்றே! உடனே டப்பாவைத் திருப்பிப் பார். கோதுமை என்று இருந்தால் அவரிடம் சொல்வதும் மறைப்பதும் உன் சாமர்த்தியம். சொல்வதானால் என் பெயரை மட்டும் இழுக்காதே.

உன்,
வத்சலா