ஆமை முகம் காட்டியபோது

காவலூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு ஓய்வுதான். தெளிந்த இரவுகளில் பதிவான நிறமாலைகளைச் சுத்தம் செய்ய அதுவே நல்ல சமயம். அந்த வேலைக்குப் பலர் இன்னும் ஐராஃப் மென்பொருளைத்தான் நம்புகிறார்கள். 1980களில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் உருவானது. லினக்ஸில் ஒழுங்காக ஓடும்.

என்னிடம் இருந்ததோ 8 ஜிபி ரேம் கொண்ட, உள்ளங்கை அளவு மினி பிசி. அதில் விண்டோஸ். அதற்குள் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் உபுண்டு லினக்ஸ், அதற்குள் ஐராஃப். ஆச்சரியம், எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வேறொரு வேலைக்காக, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டேன். மறுநாள் ஒரு நிறமாலையை விரித்துப் பார்ப்பதற்குள் டீ ஆறிப்போனது. உபுண்டு ஜன்னலின் அடியில், வழக்கமாக 'வி' எழுத்து இருக்கும் இடத்தில் குட்டியாக ஒரு பச்சை ஆமை!

கிண்டல் அல்ல, அது ஒரு தகவல். கணினிக்குள் கணினி ஓட்டுவதற்கென்றே இன்டெல் சிப்புகளில் விடி-எக்ஸ் என்ற வசதி 2005 முதல் வருகிறது. டபிள்யூஎஸ்எல் 2 வேலை செய்ய விண்டோஸின் ஹைப்பர்-வி அடித்தளம் வேண்டும். அது கணினி எழும்போதே எழுந்து விடி-எக்ஸைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. காவலூரில் ஓர் இரவு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டால் மற்றவர் அவர் மூலமாகத்தான் கேட்டுப் பெற வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் கதியும் அதுவே. நேரே சிப்பைத் தொட முடியாமல், ஹைப்பர்-வியிடம் சொல்லிச் சொல்லி வேலை வாங்கியது.

பயாஸைக் குடைந்து பயனில்லை. விடி-எக்ஸ் அங்கே 'ஆன்' என்றுதான் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்இன்ஃபோ கட்டளை கொடுத்தால் கடைசி வரியில் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஹைப்பர்வைசர், அதாவது ஹைப்பர்-வி, ஏற்கெனவே ஓடுகிறது. அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போய்விடும், கூடவே டபிள்யூஎஸ்எல் 2வும் போய்விடும். பலர் மறப்பது, 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி. அதுவும் ஹைப்பர்-வி மேல்தான் நிற்கிறது. வேகத்துக்காக அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளேயே ஐராஃப் ஓடும். கிராஃப் ஜன்னலும் திறக்கும். 8 ஜிபி வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ், டபிள்யூஎஸ்எல் 2 இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டேன்.